நீலத் தார்பாய்

— அந்தக் கத்திய உள்ள வை, ஆர்லன். கயித்துல கை வெச்சே, அப்புறம் நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.

— அறுக்கல, மார்லிஸ். அவுத்துப் பாக்கலாம்னுதான். ஆனா இது என்ன முடிச்சு? முப்பது வருஷமா படகு ரிப்பேர் பண்றவன் நான். எனக்கே பிடிபடல.

— பிடிபடக் கூடாதுன்னுதான் போட்டேன்.

— சரி சரி. ஒரு காபியாவது குடுப்பியா? நாப்பது மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன்.

— நானா வரச் சொன்னேன்?

— எல்வேரா போன் பண்ணா. "உன் பொண்ணோட டிரெய்லர் வீட்டு மேல போட்ட பிளாஸ்டிக் காத்துல படபடன்னு அடிக்குது, எனக்குத் தூக்கமே இல்ல"ன்னா.

— பக்கத்து வீட்டுக்காரிக்கு வேற வேலை இல்ல. அவ நாய் குரைக்குதுன்னு நான் யாருக்குப் போன் பண்ணேன்?

— அவள விடு. வியாழக்கிழமை பனி கொட்டப் போகுதுன்னு ரேடியோல சொல்றான். அதுக்குள்ள இத ஒழுங்கா மூடி வைக்கலேன்னா இந்த வண்டி அடுத்த கோடையப் பாக்காது. அதுக்குத்தான் வந்தேன்.

— மூடித்தானே இருக்கு? கண்ணு தெரியலயா? கூரைலேர்ந்து சக்கரம் வரைக்கும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன். ஒரு சொட்டு உள்ள போகாது.

— அதான் தப்பு.

— ஆமா, வந்துட்டாரு தப்பு கண்டுபிடிக்க. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பெட்டியத் தூக்கிட்டுப் போனப்ப எது தப்புன்னு தெரியலயாக்கும்?

— அதப் பேச வரல. கோவப்படாம கேளு. இது அறுபத்தோராம் வருஷத்து வண்டி. வெளிய தெரியறதுதான் அலுமினியத் தகடு, உள்ள பூரா மரச்சட்டம். பிளாஸ்டிக்க இப்பிடி இறுக்கிக் கட்டினா வெளித்தண்ணி உள்ள போகாது, வாஸ்தவம். உள்ள இருக்கற ஈரமும் வெளிய போகாதே? பகல்ல வெயில் பட்டா உள்ள வேர்க்கும். சாயங்காலம் குளுந்ததும் அந்த வேர்வை மரத்துல இறங்கும். தெனம் இதே கதைதான். போட்டு எத்தன மாசம் ஆச்சு?

— பதிமூணு.

— பதிமூணு மாசமா? நடுவுல ஒரு தடவகூடப் பிரிக்கலயா?

— இல்ல.

— கோடைலகூடவா?

— இல்லேன்னு சொன்னேன்ல. எத்தன தடவ கேப்ப?

— இதுக்கு சும்மா மழைல விட்டிருந்தாக்கூடத் தேவலாம். மழை வந்துட்டுப் போயிடும்.

— நீ மட்டும் என்னவாம்? அடக்கம் முடிஞ்சதும் போனவன், இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா? இப்ப வந்து எனக்குப் பாடம் எடுக்கற.

— நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்.

— எதுக்குக் கூப்பிடணும்? உனக்கும் எனக்கும் நடுவுல இருந்தது நம்ம பொண்ணு ஒருத்திதான். அவ போயாச்சு.

— இதுவும் இருக்கு, மார்லிஸ். இந்த வண்டி. அந்த ஏலத்துக்கு லின்னியாவோட போனது யாரு? மாட்டுக்கொட்டாய்லேர்ந்து இழுத்துட்டு வந்தப்ப உள்ள கோழி முட்டை போட்டிருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டு குளிர்காலம் என் ஷெட்டுல போட்டு, நானும் அவளும் ஒவ்வொரு ஆணியா மாத்தினோம். அவளுக்கு இருபத்திரண்டு வயசு, சுத்தியலப் புடிக்கத் தெரியாது. கட்ட விரல்ல போட்டுக்கிட்டு எனக்குக் கேக்காதபடி கெட்ட வார்த்தை சொல்லுவா.

— எனக்குக் கேக்கும்படியே சொல்லுவா.

— சிரிச்சியே! பரவால்ல.

— சிரிக்கல. பாரு, உனக்கு இப்ப என்ன வேணும்? தார்பாய எடுத்துட்டு வேற போடணும், அவ்ளோதானே?

— என் வண்டில கித்தான் கொண்டாந்திருக்கேன். தடிச்ச துணி, ஆனா மூச்சு விடும். மூலைங்கள்ல தகடு குத்திக் கிழிக்காம இருக்க பழைய கம்பளி வெச்சுக் கட்டுவேன். தகடு சேர்ற இடமெல்லாம் பழைய பசையச் சுரண்டிட்டுப் புதுசு அடைக்கணும். முன்பக்கத்த ஜாக்கில கொஞ்சம் ஏத்தி நிறுத்தினா, உருகற பனித் தண்ணி கூரைல தேங்காம பின்னாடி வடிஞ்சிரும். கீழ ஓட்டைங்கள்ல கம்பி நார் திணிச்சா எலி வராது. வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சிரலாம்.

— பண்ணு. எல்லாம் பண்ணு. நான் ஏணி புடிக்கறேன்.

— அப்புறம் உள்ள ஒரு கால் மணி நேரம் வேலை இருக்கு. ஜன்னல எல்லாம் ஒரு விரக்கடை திறந்து வெக்கணும். கூரைல இருக்கற காத்து மூடிய...

— உள்ள வேணாம்.

— ஏன்?

— வேணாம்னா வேணாம். வெளிய என்ன வேணா பண்ணிக்கோ. கதவத் தொடாத.

— மார்லிஸ், காத்து போகலேன்னா மேல என்னத்தப் போத்தியும் பிரயோஜனம் இல்ல. அது என்ன, கதவ சுத்திப் பட்டையா? டேப் ஒட்டியிருக்கியா?

— ஆமா.

— ஜன்னலுக்கும் ஒட்டியிருக்க. அடக் கடவுளே. சாவித் துவாரத்துக்குக்கூட ஒட்டியிருக்கியே. என்ன பண்ணி வெச்சிருக்க நீ?

— கத்தாத.

— கத்தாம? ரெண்டு வருஷ உழைப்பு இது! உனக்குத் தெரியலேன்னா யாரையாவது கேட்டிருக்கலாம்ல? ஒரு வண்டிய எப்பிடி நிறுத்தி வெக்கறதுன்னு...

— அவ வாசனை உள்ள இருக்கு.

— என்ன?

— அவ வாசனை. ஆஸ்பத்திரி டூட்டிலேர்ந்து வந்ததும் ஒரு எலுமிச்சக் கிரீம் கைல தடவுவாளே, அது. கருகக் கருகப் போடுவாளே அந்தக் காபி. அவ முடி. எல்லாம் உள்ளதான் இருக்கு. வீட்ல அவ ரூம்ல இருந்த வாசனை ரெண்டே வாரத்துல போயிடுச்சு, ஆர்லன். வர்றவங்க போறவங்க எல்லாம் கதவத் திறந்து திறந்து, போயே போச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. இதையாவது காப்பாத்தணும்னு ஓடி வந்து ஒட்டினேன். உள்ள தலையக்கூட நீட்டல. அப்பிடியே வெளிய நின்னு ஒட்டிட்டு, மேல தார்பாயப் போட்டேன்.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— என்னன்னு சொல்றது? பைத்தியம்னு சொல்லுவ.

— சொல்ல மாட்டேன்.

— சொல்லியிருப்ப. இங்க பாரு, எனக்கு வண்டி வேணாம். அந்த மரமும் தகடும் எப்பிடியோ போகட்டும். உள்ள இருக்கற காத்துதான் வேணும். என்னிக்காவது ஒரு நாள், தாங்கவே முடியாதுங்கற அன்னிக்கு, கதவத் திறந்து ஒரு தடவ மோந்துக்கலாம்னு வெச்சிருக்கேன்.

— தாங்கவே முடியாத நாள் இன்னும் வரலயா?

— வந்துச்சு. நெறைய வந்துச்சு. இதவிட மோசமா ஒண்ணு வருமோன்னு ஒவ்வொரு தடவையும் விட்டுட்டேன்.

— உக்காரு. இந்தக் கட்டை மேல உக்காரு. நான் ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— போன குளிர் வர்றதுக்கு முன்னாடி உள்ள தண்ணி வடிச்சாங்களா? கழுவற தொட்டிக்கு அடில ஒரு டாங்க் இருக்கு. அறுபது லிட்டர்.

— யாரு வடிக்கறது? அன்னிக்கு சாயங்காலங்கூட அதுல முகம் கழுவிட்டுத்தான் போனா. மறுநாள் விடிகாலை டூட்டி முடிஞ்சு வரும்போதுதானே அவ கார் முன்னாடி மான் குறுக்க பாஞ்சது.

— ம்.

— என்ன "ம்"? ஏன் தலையக் குனிஞ்சுக்கற? ஆர்லன்?

— தண்ணி உறைஞ்சா வீங்கும். டாங்க் வெடிச்சிருக்கும், குழாயும் வெடிச்சிருக்கும். வசந்தத்துல பனி உருகினப்ப மொத்தத் தண்ணியும் தரைல இறங்கியிருக்கும். காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அப்புறம் ஒரு கோடை முழுக்க வெந்திருக்கு.

— வெடிச்சிருக்கும்னு நெனைக்கற. பாத்தியா நீ?

— இங்க குனிஞ்சு கைய வை. சக்கரத்துக்குப் பின்னாடி, தரைக்கு அடில. அந்த மரத்த அழுத்திப் பாரு.

— ஐயோ. விரல் உள்ள போகுது.

— ஆமா.

— ஆர்லன், இது மரம் மாதிரியே இல்லயே. நனஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு.

— இப்ப திறந்தா கொஞ்சமாவது மிச்சம் புடிக்கலாம். இன்னொரு குளிர் தாங்காது. பனி கனத்துல கூரை உள்ள விழுந்துரும். அப்ப நீயும் திறக்க முடியாது, நானும் திறக்க முடியாது.

— நீ ஏமாத்தல இல்ல?

— அவ மேல சத்தியமா இல்ல.

— சரி. நானே திறக்கறேன். நீ கயித்த அறுத்துக்கோ. முடிச்சு அவுக்கற பொறுமை எனக்கும் இல்ல.

— அந்தப் பக்கம் புடி. இழு. மெதுவா, தகட்டுல உரசாம.

— ரோஸ் கலர் அப்பிடியே இருக்கே. அவ அடிச்ச பெயின்ட்.

— வெளிய எல்லாம் அப்பிடியேதான் இருக்கும்.

— இரு. டேப்ப உரிக்கறதுக்கு முன்னாடி... எங்கூட வந்து இங்க நில்லு. தோளோட தோளா. இன்னும் கிட்ட வா, கடிச்சிர மாட்டேன்.

— எதுக்கு?

— கதவு ஒரு தடவதான் திறக்கும். ஒரே மூச்சுதான் கிடைக்கும். அதுல உனக்கும் பங்கு இருக்குல்ல? நீயும் அவளுக்கு அப்பன்தானே.

— வேணாம், மார்லிஸ். நீயே எடுத்துக்கோ.

— பேசாத. மூச்ச மொத்தமா வெளிய விட்டுட்டு நில்லு. நான் மூணு எண்ணுவேன். ஒண்ணு. ரெண்டு.

— மார்லிஸ்...

— மூணு.

— ...

— வந்துச்சா?

— வெளிய வா. மூக்கப் பொத்திக்கோ.

— உனக்கு வந்துச்சான்னு கேட்டேன்.

— பூஞ்சை. வேற ஒண்ணும் இல்ல.

— எலுமிச்ச? துளியூண்டுகூடவா?

— இல்லம்மா.

— எனக்கும் இல்ல. ஊறின நாய் மாதிரி நாறுது. என் பொண்ணு இருந்த எடம் ஊறின நாய் மாதிரி நாறுது. நான்தான் பண்ணேன். நானே பூட்டி வெச்சு நானே அழுக வெச்சேன்.

— நீ வேணும்னு பண்ணல.

— விடு, உள்ள போறேன்.

— பாத்துக் கால் வை, தரை தாங்காது. சட்டத்து மேலயே நட. இங்க, என் கையப் புடிச்சுக்கோ.

— சுவரெல்லாம் கறுப்பு. இந்தத் திரை நான் தெச்சது, தொட்டாலே கிழியுது. அவ ஷூ பாரு. உள்ள பச்ச முளைச்சிருக்கு. கட்டில்... ஆர்லன்.

— என்ன?

— தலையணை எங்க?

— கீழ விழுந்திருக்கும்.

— கீழ இல்ல. போர்வை இருக்கு, மெத்தை இருக்கு. தலையணை மட்டும் இல்ல. நான் ஒட்டின டேப்பு எங்கயும் பிரியல. அப்ப அதுக்கு முன்னாடியே எடுத்திருக்காங்க. யாரு எடுத்தது?

— வெளிய வா, பேசிக்கலாம். இந்தக் காத்து நெஞ்சுக்கு நல்லதில்ல.

— மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— நான்தான்.

— எப்ப?

— அடக்கத்தன்னிக்கு. சர்ச் கீழ்த்தளத்துல எல்லாரும் காபியும் ரொட்டியும் சாப்பிட்டுட்டு இருந்தப்ப. வண்டிய எடுத்துட்டு நேரா இங்க வந்தேன். எடுத்துட்டுப் போயிட்டேன்.

— நீ குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சேன். ஒரு வருஷமா அதத்தான் ஊர் பூரா சொல்லிட்டு இருக்கேன்.

— தெரியும். சொல்லிட்டுப் போன்னு விட்டுட்டேன்.

— கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.

— குடுத்திருக்க மாட்ட.

— ஆமா. குடுத்திருக்க மாட்டேன். அப்ப... இரு, இரு. அப்ப அவ போகல! உங்கிட்ட இருக்கா! இந்த ஈரத்துல மாட்டாம, எலி கடிக்காம உங்கிட்ட இருக்கு. எங்க வெச்சிருக்க? வீட்லயா?

— என் வண்டில. முன்சீட்டுல.

— இங்கயேவா? இவ்ளோ நேரமும் இங்கயேவா இருந்துச்சு? எடுத்துட்டு வா. முதல்ல கையக் கழுவு, பூஞ்சை ஒட்டிரும். எனக்கு ஒரே ஒரு தடவ குடு போதும், அப்புறம் நீயே வெச்சுக்கோ. ஏன் நிக்கற? போயேன், ஆர்லன். என்ன இப்பிடி அழற?

— அத நான் பூட்டி வெக்கல, மார்லிஸ். தெனமும் அதுலதான் தலை வெச்சுத் தூங்கினேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவ இருந்தா. அதுக்கப்புறம் எப்ப மோந்து பாத்தாலும் நான்தான் இருக்கேன்.