பத்து மணிக்கு கரண்டு வெட்டு

இல்லீங்க சார், எங்க சென்டர் பொறுப்பாளரு வீரசிங்கம் சார் இப்ப வந்துருவாரு. கொழும்புல இருந்து நீங்க வர்றீங்கன்னு முடி வெட்டப் போயிருக்காரு. உக்காருங்க, தேத்தண்ணி ஆறுது. நானா? நா தேத்தண்ணி குடுக்குறவ இல்லீங்க. விஜிதா. ரெண்டாயிரத்து அஞ்சுல இருந்து, மூணு வருசமா இந்த சென்டர்ல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்குறேன். ஊரு நமுனுகுல தேயிலத் தோட்டம்.

ஆமாங்க, அந்த சாப்ட்வேர்ல சார் பேர்ல வந்த திருத்தத்தப் பாத்துட்டுத்தான சாருக்கு வேலை குடுக்க வந்திருக்கீங்க. அது எல்லாருக்கும் பொதுவான சாப்ட்வேர், யாரு வேணும்னாலும் உள்ள தொறந்து திருத்தலாம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள நாலு கம்ப்யூட்டர ஓட்டும். எங்க தோட்டத்து லயத்து வீடு மாதிரிங்க, ஒரே கூரை, நாலு குடும்பம். ஆனா ஒண்ணப் பாத்து இன்னொண்ண கோப்பி பண்ணுனா நெட்வொர்க் கார்டு நம்பரும் அப்படியே கோப்பியாகிரும். நாலு வீட்டுக்கும் ஒரே நம்பர்னா கடுதாசி எங்க போய்ச் சேரும்? அதான் கோளாறு.

கண்டுபிடிச்சுத் திருத்துனதா? நாந்தான். ஆறு கிழமை சார், ஒன்றரை மாசம். சிரிக்காதீங்க. சரியா இருக்கான்னு பாருங்கன்னு சார்கிட்ட குடுத்தேன். மறுநாளே வெளிநாட்டுல அந்த சாப்ட்வேரப் பாத்துக்குறவங்களுக்கு அனுப்பிட்டாரு, அவரு பேரப் போட்டு. கேட்டதுக்கு, லயத்துப் புள்ள பேரப் போட்டா எவன் மதிப்பான்னாரு. வகுப்புல வச்சு, புள்ளைங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கு.

வீரசிங்கம் சாரோட அப்பா எங்க தோட்டத்து கிளாக்கர். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு எங்கம்மா பெரியாயி கொஞ்சம் பிந்திப் போனாலும், பேரு போடாம, அன்னைக்குச் சம்பளம் இல்லாம திருப்பி அனுப்பிருவாரு. அம்மா அழுதுக்கிட்டே வரும். அன்னைக்கு வகுப்புல நா அழல சார். இவன் ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால தல குனியணும்னு நெனச்சேன். மன்னிச்சுக்குங்க, இவரு.

அந்தா மூலையில இருக்கே, அதுதான் என் மெசின். பேட்டரி கெடையாது. இங்க பதுளையில கரண்டு போனா அதுவும் போயிரும். அப்படி ஒருக்கா போயி வந்து பாத்தா, நாலுக்கும் பழையபடி ஒரே நம்பர் திரும்பி வந்து நிக்கிது. நா திருத்துனது மெசின் ஓடுற வரைக்குந்தான் நிக்கும். பைல்ல எழுதி வைக்க மறந்துட்டேன். என் பெழைதான், ஒத்துக்குறேன். ஆனா அது இப்ப அவரு பேர்ல இருக்குற பெழை. அவருக்குத் தெரியாது. அவரு மெசினுக்குப் பெரிய பேட்டரி, மாசக்கணக்கா நிக்காம ஓடுது.

சொல்லல சார். ஏன் சொல்லணும்? மீதியத் திருத்தி போன கிழமை நானே அனுப்பிட்டேன். ஏத்துக்கிட்டாங்க. அவரு அந்தப் பக்கம் எட்டியும் பாக்குறதில்ல, அவரு மெசின்ல இன்னும் பழசுதான் இருக்கு. இந்தாங்க, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், பேரப் பாருங்க. விஜிதா பெரியாயி. அம்மா பேரையும் சேத்துத்தான் போட்டேன்.

ஐயோ, நீங்க ஒண்ணும் கேக்க வேணாங்க. அவரு மெசின்ல ஓட்டிக் காட்டட்டும், நல்லா ஓடும். பத்து மணிக்கு கரண்டு வெட்டு, நோட்டீஸ் வந்துச்சு. பத்தரைக்கு திரும்பி வரும். அப்ப உள்ள இருக்குற அந்த நாலு கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குதான்னு பாருங்க.

அவரு மெசின் பேட்டரியா? அத காலையில நாந்தான் கழட்டி வச்சேன். படியில சத்தம் கேக்குது, வர்றாரு. குடிங்க சார், ஆறிருச்சு.