முப்பத்திரண்டில் ஒன்று

பென்டில் ஹில் நிலையத்தில் நான் ஏறிய ரயிலில், எதிரே மடிக்கணினியோடு இருந்த பெண் வேண்டிக்கொண்டாள்: “முருகா, பிழை என்ரையாய் இருக்கவேணும்.”

“விசரே உமக்கு?” என்றான் பக்கத்தில் இருந்த, அவளோடு வேலை செய்பவன்.

“என்ரை எண்டா இண்டைக்கே திருத்துவன். வேற ஆக்களின்ரை எண்டா அவை வருமட்டும் காத்திருக்கவேணும். நாளைக்கு அம்மா வாறா. இது முடியாட்டி எனக்கு லீவு இல்லை.”

அவர்களுடைய நெட்வொர்க் மென்பொருளின் புதிய பதிப்பு, சேமித்த முகவரிகளை மறந்துவிடுகிறதாம். பழையதற்கும் புதியதற்கும் இடையே முப்பத்திரண்டு மாற்றங்கள்; பிழை அதில் ஒன்றில். பாதி பாதியாகக் கழித்துச் சோதித்தாள். நான்காவது சோதனையில் இரண்டு மிஞ்சின, ஒன்று அவளுடையது. நான் இறங்க இரண்டே நிலையங்கள். அதற்குள் தெரியவருமோ என்று எனக்குப் பதற்றம்.

“என்ரைதான்!” என்று கத்தினாள்.

“பிழை விட்டிட்டுத் துள்ளுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“கதையை விடும். நாளைக்கு ஏர்போட்டுக்கு உம்மடை காரைத் தாரும்.”