தானாகத் திருத்திக்கொள்ளாத பெட்டி

இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவை மாற்ற பைக்குக்கு ட்யூனிங் பெட்டி வாங்க வருகிறவர்கள், வேகம் எவ்வளவு கூடும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல. பெட்ரோல் அளவு தவறினால் யார் திருத்துவது என்று கேட்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் பட்டறை நடத்தியவன் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று, புகைக்குழாயில் சென்சார் வைத்து, பெட்ரோல் போதவில்லை என்றால் ஓடும்போதே தானாகச் சரிசெய்துகொள்ளும். மற்றது, நாம் லேப்டாப்பில் ஏற்றிய அளவை அப்படியே கொடுக்கும். எதிர்த்துப் பேசாது.

மாப்பிள்ளை முதல் வகையைத்தான் கேட்டான். மாப்பிள்ளை என்பது மற்றவர்கள் சொல்வது. நான் கட்டிக்கொடுக்கவில்லை. என் பட்டறை வாசலில் உதிரிபாகப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனவன், என் ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படித் தலைகுனிய வைத்ததில்லை. பதினான்கு மாதம் நான் அவர்களோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் இருவரும் வந்து நின்றார்கள். அவன் தூரப் பயணம் போக வேண்டுமாம், வண்டியை நான் தயார் செய்து தர வேண்டுமாம். பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள்.

"தானா சரி பண்ணிக்கிற பெட்டியே போட்டுடுங்க மாமா. லேப்டாப்ல அளவு ஏத்துறதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? வயசானா கை தப்பத்தானே செய்யும்."

"முதலாளி, மருமகன் உங்களுக்கே பாடம் எடுக்கிறாரு," என்றான் பெயின்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். "விடுங்க, அப்பாவுக்குக் கோபம் மூக்கு மேல இருக்கு," என்றாள்.

கை தப்புமாம். என் கை தப்பி ஒரு வண்டி திரும்பி வந்ததில்லை.

இரண்டாம் வகையை மாட்டினேன். "இதுதான் உங்க வண்டிக்குப் பொருத்தம், மாப்பிள்ளை," என்றேன். அப்படி அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. தெருவில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி போகுது மாமா," என்றான். போகும். மெதுவாக ஓட்டும்வரை அளவு சரியாக இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால் பெட்ரோல் குறையும்படி ஏற்றியிருந்தேன். இன்ஜின் கொதிக்கும், பிஸ்டன் இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் இருவரும் செத்துப்போனதை நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. வண்டியைச் சோதித்த உங்கள் ஆள், 'வயதான மெக்கானிக்கின் கைத்தவறு' என்று எழுதியிருக்கிறாராம். அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அது தவறு அல்ல. நான் ஏற்றிய அளவு நான் நினைத்த இடத்தில் நினைத்ததைச் செய்தது. அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். மகள் பின்னால் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது என அன்று சொன்னேன். அவர்கள் கிளம்பும்போது நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவள் ஹெல்மெட் வார் தளர்ந்திருந்தது. நான்தான் இறுக்கிவிட்டேன். பெற்ற பிள்ளைமேல் எனக்கு அக்கறை இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.