தாள் வரவில்லை

ஃபேக்ஸ் மிஷினுக்குப் பூட்டுப் போடச் சொன்னது எங்கள் மீனவர் சங்கத் தலைவர் ஏசுஅடிமைதான். சுனாமிக்குப் பிறகு கிடைத்த மிஷின் அது. தட்டில் விழும் தாள்களை யாராவது கருவாடு பொதிய எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சங்கத்தில் எழுத்து வேலை பார்ப்பவள் நான். மிஷினோடு வந்த புத்தகத்தை வாசித்து, சொன்னதைச் செய்தேன். அதன்பிறகு வருகிற எதுவும் உடனே அச்சாகாது. உள்ளேயே பத்திரமாக இருக்கும். சிவப்பு விளக்கு மினுங்கும். ரகசிய எண்ணை அமுக்கினால்தான் வெளியே வரும். எண் எனக்கு மட்டுமே தெரியும்.

புயல் எச்சரிக்கையும் அதில்தான் வரும். நான் எடுத்துக் கொடுத்தால் கோயில் மைக்கில் வாசிப்பார்கள். ஊரில் அதற்குப் பேரே தாள்தான்.

என் தம்பி சகாயம் சிலுவைமுத்துவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். வலைக்கயிறு காலில் சுற்றி அவன் கடலில் விழுந்தபோது, ஐஸ் உருகி மீன் கெட்டுவிடும் என்று சிலுவைமுத்து வள்ளத்தைத் திருப்பவில்லை. குதிக்கப் போன இன்னொரு வேலையாள் அபினையும் பிடித்து வைத்துக்கொண்டார். அபின்தான் அழுதுகொண்டே இதை என்னிடம் சொன்னான். துக்கம் கேட்க வந்த சிலுவைமுத்து ஒரு நெய்மீன் கொண்டுவந்தார். "கடலு எடுத்துட்டு, நாம என்ன செய்ய மக்கா" என்றார். மீனை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எவரும் கடலுக்குப் போவதில்லை. அவர் மட்டும் போவார். ஆகவே தாள் வருகிற ஒரு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். மற்றவர்களுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது அல்லவா.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு மினுங்கியது. சிறு திரையில் வானிலை அலுவலகத்தின் எண். காற்று நன்றாக இருந்தால் அவர்கள் எதுவும் அனுப்புவதில்லை. வாசலில் சிலுவைமுத்து வந்து நின்றார். பின்னால் அபின்.

"ஏட்டி இசபெல், தாளு ஏதும் வந்துதா?"

"இல்ல மாமா. தாளு ஒண்ணும் வரல்ல."

"நாளைக்கு இவனும் வாறான். பூசைக்குப் போவாம கடலுக்கு வாறான்னா, பெஞ்சாதி ஜெனிலா வெரட்டி விட்டுட்டா போல."

"சும்மா கெடயும்" என்று அபின் சிரித்தான். "அவளுக்கு மாசம் ஏழாச்சு அக்கா. ஆசுபத்திரிச் செலவு இருக்குல்லா."

அவர்கள் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. மிஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வள்ளம் திரும்பவில்லை. திங்கட்கிழமை நானே எண்ணை அமுக்கித் தாளை எடுத்தேன். உங்கள் மேசையில் இருப்பது அதுதான்.

சிலுவைமுத்துவைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அபினைக் கொன்றது நானில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அவனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று ஊரில் விசாரித்துப் பாருங்கள்.