நாருக்குக் கிடைக்காத லீவு

— மடக்காத, நீட்டு. இங்க அமுக்குனா வலிக்குதா?

— லேசாதாங்க, கஸ்பரய்யா.

— லேசாவா? கண்ணுல தண்ணி நிக்குது, காளியாயி.

— வெளியில மழைங்க. தலை நனைஞ்சிருச்சு.

— நுவரெலியா ஆஸ்பத்திரியில எடுத்த படம் வந்திருக்கு. பெரிய டாக்டர் கடுதாசியும் இருக்கு. முட்டி நல்லா தேஞ்சு போச்சு.

— வயசுன்னு மட்டும் எழுதிடாதீங்கய்யா. தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கையா பேர வெட்டிடுவாரு. பேரு போனா குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். பிள்ளைக்காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமாம். லேசான வேலை குடுக்கலாம்னு உங்க சீட்டு இருந்தா எனக்குத்தான்னாரு. நாளைக்குக் காலைப் பெரட்டுல பேரு கூப்புடுறதுக்குள்ள வேணுமாம்.

— இது வயசு இல்ல. பழைய காயம். முட்டிக்குள்ள எலும்ப எலும்போட கட்டியிருக்குற நாரு பிஞ்சிருக்கு. எப்ப விழுந்த?

— ஞாபகம் இல்லைங்க.

— நாரு சும்மா பியாது, காளியாயி.

— எழுபத்தொண்ணாம் வருசங்க. கொழுந்துக் கூடையோட மழைத்தண்ணி ஓடுற கான் தாண்டையில விழுந்தேன். உள்ளுக்குள்ள ஏதோ அறுந்த மாதிரி சத்தம்.

— அப்புறம்?

— மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டேன்.

— மறுநாளேவா. நாருன்னா செத்த கயிறுன்னு நெனைச்சியா? கண்ணுக்குத் தெரியாத உயிரணுங்க அதுக்குள்ள குடியிருக்கு. பிஞ்சா அதுங்கதான் தைக்கும். தைக்க விடாம ஏறி எறங்குனா, அதுங்க கொணமே மாறிடும்போல. தைக்கிறத விட்டுட்டு, பக்கத்துல மெத்தை மாதிரி இருக்குற குருத்தெலும்பக் கரைக்குதோன்னு பெரிய டாக்டர் சந்தேகப்படுறாரு.

— பாவம். அதுங்களுக்கும் லீவு கெடைக்கல.

— சிரிக்காத. அன்னைக்கே கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருக்கணும். எந்த மடையன் உன்ன வேலைக்கு அனுப்புனான்?

— அது எதுக்குங்கய்யா இப்ப.

— கேக்குறேன்ல. நானும் வட்டகொடையில ஆரம்பிச்சு நாலு தோட்டத்துல மருந்து குடுத்துட்டேன். ஒருத்தரையும் இப்படி அனுப்புனதில்ல.

— சரிங்கய்யா.

— இந்த ராகலைக்கு நான் வந்து ரெண்டு வருசம். ஒருநாளாவது இந்த டிஸ்பென்சரிப் படி ஏறுனியா?

— பயமா இருந்துச்சுங்க.

— ஊசிக்கா?

— ஊசிக்கு இல்லைங்க.

— பின்ன? அதையும் சொல்லாட்டி விடு. சரி, அந்த மடையன் பேரச் சொல்லு. சீட்டுலயே எழுதுறேன். கண்டாக்கும் தெரிஞ்சுக்கட்டும்.

— பேரு வேணாம்யா. மொதல்ல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் சொல்றேன்.

— இந்தா, புடி. பழைய காயம், லேசான வேலை குடுக்கணும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப சொல்லு.

— எனக்குப் படிக்கத் தெரியாதுங்கய்யா. ஆனா, வெறும் சுளுக்கு, நாளைக்கு வேலைக்குப் போன்னு வட்டகொடையில அன்னைக்குக் குடுத்த சீட்டு இன்னும் என் பெட்டியில கெடக்கு. அதுலயும் கையெழுத்து இதே மாதிரிதாங்க, கடைசியில வால் நீண்டிருக்கும்.