ஏழாம் ரூம் போன்

— கீழ போகாதீங்க லோர்னா. முதல்ல பதில் சொல்லுங்க. அமோனியா அலாரத்தை நிறுத்தச் சொன்னது யாரு?

— நான்தான். எர்வின், இது சர்ச் வாசல். டெல்பர்ட்டை இப்பத்தான் புதைச்சிட்டு வந்திருக்கோம். சாப்பாடு முடியட்டும், பேசலாம்.

— சாப்பாடாம். கீழ சர்ச் ஹால்ல ஜோலீன் முன்னாடி ஒரு தட்டு வச்சிருக்காங்க, உருளைக்கிழங்கும் பன்னிக்கறியும். தொடக்கூட இல்ல அவ. அவ புருஷன் எப்படிச் செத்தான்னு நீங்களே போய் அவகிட்ட சொல்லணும். அதுவரைக்கும் உங்களை விடமாட்டேன்.

— சொல்லத்தான் வந்தேன்.

— எதை? ஏழாம் குளிர் ரூம்ல குளிரூட்டற அமோனியா குழாய் கசிஞ்சு விஷவாயு பரவினா, நம்ம கம்பெனி கம்ப்யூட்டர் உள்ள இருக்கிறவன் போனுக்கு அடிக்கும். சுவர்ல மாட்டின சைரன் அந்த ஃபேன் இரைச்சல்ல எவன் காதுலயும் விழாது. போன்தான் காப்பாத்துச்சு, பதினோரு வருஷமா. போன மாசம் நிறுத்திட்டீங்க. குழாய் கசிஞ்சப்ப உள்ள இருந்த டெல்பர்ட் போன் அடிக்கவே இல்ல. இதைச் சொல்வீங்களா?

— மேலிடம் அஞ்சு இலக்கு எழுதிக் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர் வேலை ஒவ்வொண்ணும் அந்த அஞ்சுல எதுக்கு உதவுதுன்னு காட்டணும். எதுக்கும் உதவலைன்னா நிறுத்தணும். நூத்தி நாற்பது வேலை, எனக்கு ஒரே வாரம்.

— ஆமாமா. வேலைக்கு ஒண்ணா சுவர் பூரா கலர் கலரா சீட்டு ஒட்டினீங்க, கிறிஸ்துமஸ் தோரணம் மாதிரி. ஒரு உசிரைக் காப்பாத்தறது அஞ்சுல எதுலயும் சேரலையா?

— அது உசிரைக் காப்பாத்தற வேலைன்னே எனக்குத் தெரியாது. ஃப்ரீஸர் பக்கம் நான் வந்ததே இல்ல. அதனாலதான் வேலை பாக்கறவங்களே சீட்டை எழுதணும்னு சொன்னேன்.

— வந்து பாத்திருக்கலாம்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.

— கேட்டிருக்கணும். அது என் பாவம். ஜோலீன்கிட்ட மறைக்கப் போறதில்ல. ஆனா அந்தச் சீட்டு இந்தப் பையிலதான் இருக்கு. நாளைக்கு விசாரணைக்காரங்க கேப்பாங்க. இந்தா, படி.

— வேண்டாம்.

— அப்ப நான் படிக்கிறேன். 'ஏழாம் ரூம் போன். எந்த இலக்கு: ஒண்ணுமில்ல. கம்பெனிக்கு லாபம்: ஒரு சென்ட் கூட இல்ல. தாராளமா நிறுத்துங்க.' உன் கையெழுத்து, எர்வின்.

— கிண்டலுக்கு எழுதினது லோர்னா. இப்படி ஒரு சீட்டைப் பாத்தா யாரா இருந்தாலும் கூப்பிட்டுத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். கூப்பிட்டா, உங்க அஞ்சு இலக்குல ஆள் உயிரோட வீட்டுக்குப் போறது எங்கன்னு கேக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன்.

— அன்னிக்கு மட்டும் நாற்பது சீட்டு. எழுதினதை எழுதினபடியே எடுத்துக்கிட்டேன்.

— நீங்க கூப்பிடவே இல்ல.

— நீயும் வந்து கேக்கல. வா, ரெண்டு பேருமா கீழ போவோம். நான் செஞ்சதை நான் சொல்றேன். நீ எழுதினதை நீ சொல்லு.

— அவகிட்ட எப்படிச் சொல்வேன்? அந்த வரிங்க என் மண்டையில உதிச்சதில்ல. அன்னிக்கு மத்தியானம் சாண்ட்விச்சைக் கையில வச்சுக்கிட்டு, வயிறு குலுங்கச் சிரிச்சபடி டெல்பர்ட்தான் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.