முதல் பரிசு வாங்கிய இடது கை

1993 மே பதினாறு, ஞாயிறு, மாலை ஆறு மணி பத்து நிமிடம். மேசைமேல் பதினான்கு சொம்புகள். மூட்டுவலிக்கும் தசைவலிக்கும் நம் முடிச்சூர் அருள்நகர் வீடுகளில் போட்டிக்காகக் காய்ச்சிய பதினான்கு பானங்கள்.

தலைமை தாங்கும் தேவானந்தம் சார் அவர்களே! நலச்சங்கச் செயலாளர் பக்தவச்சலம் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முழங்காலை நீவியபடி வீற்றிருக்கும் பெரியோர்களே! நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சுவரோரம் சாய்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நன்றியுரை என்று நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். நன்றி வரும். பொறுங்கள்.

முடக்கத்தான் கஷாயம் கண்டோம். முருங்கைக்கீரைச் சாறு கண்டோம். மஞ்சளும் மிளகும் மணக்கும் பால் கண்டோம். சுக்கும் மல்லியும் கொதித்த சுடுநீர் கண்டோம். குறை சொல்ல மாட்டேன். குடித்தேன், இதமாகவே இருந்தது. முதல் பரிசு யாருக்கு? தோள்வலிக்கு முடக்கத்தான் காய்ச்சிய கனகவல்லி அக்காவுக்கு! தலைவர் எவர்சில்வர் தட்டை நீட்டினார். அக்கா இடது கையால் வாங்கினார். செயலாளர் மைக்கிலேயே கேட்டார்: “இன்னாம்மா, சோத்துக் கை எங்க? வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?”

சிரித்தீர்கள். நன்றாகவே சிரித்தீர்கள்.

அக்கா சொன்ன பதில் மைக்குக்கு எட்டவில்லை. அருகில் நின்ற எனக்குக் கேட்டது. “தூக்க வரலைப்பா. தப்பா எடுத்துக்காதீங்க.”

தோள்வலிப் பானத்துக்குப் பரிசு. அதை வாங்கத் தோள் எழவில்லை! கஷாயமா பொய்? இல்லை. குடித்த இதம் விடிவதற்குள் போகிறதே, அதைக் குடிப்பது எது?

என்ன ஜெயசீலி அக்கா? உரக்கச் சொல்லுங்கள். “அடிபம்புதான் தம்பி, வேற இன்னா!” கேட்டதா மேடைக்கு?

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் நான். கிண்டியில் பம்பு பழுதுபார்ப்பதே பிழைப்பு. தெருமுனைப் பம்பில் தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. ஏறும் தண்ணீரில் பாதி குழாய்க்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பேரிங் துருவேறிப் பிடி இறுகிக் கிடக்கிறது. பொங்கலிலிருந்து கூட்டந்தோறும் கத்துகிறேன். செயலாளரின் பதில்? “பொம்பளைங்களுக்குப் பழகிப்போச்சுபா. பிரிச்சுப் போட்டா தண்ணி நின்னுபூடும், யாரு பேஜார் படறது?”

யார்? இந்த மேடையில் அந்தப் பிடியை ஒரு நாளாவது தொட்ட ஆண் யார்? குடம் தொட்டால் குலம் கெடுமோ? பிடி பிடித்தால் பெருமை போமோ? வலியை வளர்ப்பது தெருவில், வைத்தியம் அடுக்களையில், வாழ்த்து மட்டும் மேடையிலா? இந்தக் கஷாயத்துக்கு ஊற்றிய தண்ணீரும் அந்தத் தோள் அடித்த தண்ணீர்தானே ஐயா!

“போதும், முடிப்பா” என்று சீட்டு வருகிறது. முடிக்கிறேன்.

வலியோடு நின்று காய்ச்சிய தாய்மார்களுக்கு நன்றி. கைதட்டியவர்களுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு என்னிடம் நன்றி இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. இங்கிருந்து இறங்கி நேரே போய்ப் பம்பைப் பிரிப்பேன். அனுமதி கேட்க மாட்டேன்.

2. நாளை வேலைக்கு லீவு. பாரிமுனையில் வாஷரும் பேரிங்கும் வாங்கி வந்து பூட்டுவேன்.

3. அதுவரை கனகவல்லி அக்கா வீட்டுத் தண்ணீரைப் பெருங்களத்தூர் ரோட்டுக் கிணற்றிலிருந்து நான் சுமப்பேன்.

4. மற்ற வீட்டுக் குடங்களைக் காலியாகவே தலைவர் வாசலிலும் செயலாளர் வாசலிலும் இறக்கி வைப்பேன். நிரப்பித் தரும்வரை எடுக்க மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கு வாருங்கள் அண்ணா. வணக்கம்.